‘எந்த அளவுக்கு?’ என்று கேட்கும் பரீட்சை

இங்கிலாந்தில் நான் எழுதிய முதல் பரீட்சையில், கண்காணிப்புக்கு நின்ற பெண்மணியிடம் கையைத் தூக்கி நூல் கேட்டேன். “த்ரெட் பிளீஸ்” என்றதும் அவர் என் சட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தார், பொத்தான் ஏதும் அறுந்துவிட்டதோ என்று. தாள்களை அடுக்கிக் கட்ட வேண்டும் என்று சைகையில் காட்டிய பிறகுதான் இருமுனையிலும் தகரம் வைத்த பச்சைக் கயிறு ஒன்று வந்தது. அந்தக் கூடத்தில் நான்கு முறை அடிஷனல் ஷீட் வாங்கியவன் நான் ஒருவன்தான். சுற்றிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள், எனக்கு முப்பத்தெட்டு. அவர்கள் எழுதிய நேரத்தைவிடக் கூரையைப் பார்த்த நேரம் அதிகம். பாவம், படிக்காமல் வந்துவிட்டார்கள் என்று இரக்கப்பட்டேன்.

என் இரக்கத்துக்குக் காரணம் உண்டு. மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து 2003இல் இங்கே வருவதற்கு முன், தேனியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் பிளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் நடத்தியவன் நான். ஜனநாயகத்தின் நிறைகள் ஆறு, குறைகள் ஐந்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முன்னுரை, உட்தலைப்பு, ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு, முடிவுரை. திருத்துபவர் ஜாண் போட்டு அளந்து மார்க் போடுவார் என்றுதான் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் அளந்தே எழுதி, நல்ல மார்க்கும் வாங்கினார்கள். இங்கே மாலைக் கல்லூரி ஒன்றில் அரசியல் வகுப்புக்கு உதவியாசிரியர் இடம் இருந்தது. ஆனால் முதலில் நீங்களே ஏ லெவல் எழுதித் தேறுங்கள் என்றார்கள். இங்கத்துப் பிளஸ் டூ அது: முதல் வருடம் ஏஎஸ், இரண்டாம் வருடம் ஏ டூ. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆகஸ்டில் முடிவு வந்தது. ஏ, பி, சி எல்லாம் தாண்டி, டி.

அன்று ஓடைப்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். செல்வராணி, எனக்கு எட்டு வயது மூத்தவள். திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் சேர்த்து ஆள்பவள். என்ன மார்க் என்றாள். டி என்றேன். “டின்னா டிஸ்டிங்ஷனாப்பா?” என்று கேட்டாள். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது “ம்” மட்டும்தான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டாள்.

விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு என் ஆசிரியை ஹெலனிடம் போனேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நானும் வாத்தியாராக இருந்தவன் என்பதால், வேண்டாம் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் என்னை சார் என்றே கூப்பிடுவார். பிரதமரின் அதிகாரம் எந்த அளவுக்கு ஓர் அதிபரின் அதிகாரம் போல ஆகிவிட்டது என்பது கேள்வி. அதிகாரங்கள் பதினான்கையும் எண் போட்டு எழுதிவிட்டு, கடைசியில் ‘மிக அதிக அளவுக்கு’ என்று முடித்திருந்தேன். எழுதியது அத்தனையும் சரி என்றார் ஹெலன். ஆனால் இங்கே புள்ளிகளை எண்ணி மார்க் போடுவதில்லையாம். முழு விடையையும் படித்து, அது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்களாம். தெரிந்ததைச் சொல்வதற்குக் கொஞ்சம் மார்க், இரண்டு பக்கத்தையும் எடைபோடுவதற்குக் கொஞ்சம், வாதத்தைக் கோவையாகச் சொல்வதற்குக் கொஞ்சம். நான் முதலாவதை மட்டும் வழிய வழிய நிரப்பியிருந்தேன்.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எங்கேயும் இல்லையே?” என்றார்.

“அதைக் கேள்வியில் கேட்கவில்லையே” என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்து வெகுநேரம் சிரித்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எடைபோடப் பழகினேன். ஒரு பத்தி இந்தப் பக்கம், ஒரு பத்தி அந்தப் பக்கம், பிறகு ‘ஆனாலும்’, அதற்குப் பிறகு தீர்ப்பு. மளிகைக் கடையில் நின்று அரிசியின் நிறைகுறைகளை எடைபோட ஆரம்பித்ததும், இனிமேல் தானே போய்க்கொள்வதாக மனைவி சொல்லிவிட்டாள். ஜனவரியில் திரும்ப எழுதினேன், மார்க் ஏறியது. அந்த ஆகஸ்டில் மொத்தத்தில் பி. வேலையும் கிடைத்தது.

2006இல் உள்ளாட்சித் தேர்தல். எங்கள் தெருச் சாக்கடைக்காகப் பேரூராட்சிக்கு நடந்து நடந்து சலித்துப்போன அக்கா, தானே வார்டுக்கு நின்றுவிட்டாள். லீவில் போயிருந்த என்னை, லண்டனில் அரசியலில் டிஸ்டிங்ஷன் வாங்கிய தம்பி என்று மேடையேற்றினாள். எதிரே நின்றது ஏற்கெனவே கவுன்சிலராக இருந்த மல்லிகா அக்கா. மைக்கைப் பிடித்ததும் கை தானாகவே இரண்டு பக்கமும் எடைபோட ஆரம்பித்துவிட்டது.

“மல்லிகா அக்கா போர் போட்டுத் தண்ணி கொண்டாந்தாக. தெருவிளக்கு போட்டாக. அதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது” என்றேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. நன்றாக எடுபடுகிறது என்று நினைத்து, மூன்றாவதாக ரேஷன் கடையையும் சேர்த்துக்கொண்டேன். மூச்சு வாங்கி ‘ஆனாலும்’ என்று தொடங்கும்போது மைக் செத்துப்போனது. மச்சான் வயரைப் பிடுங்கியிருந்தார்.

மறுநாள் காலையிலேயே மல்லிகா அக்காவின் ஆட்டோ ஒலிபெருக்கியோடு தெருத் தெருவாகப் போனது: எதிர்த்து நிற்பவரின் சொந்தத் தம்பி, லண்டனில் அரசியல் படித்தவரே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று. சில ஓட்டு வித்தியாசத்தில் அக்கா தோற்றாள்.

திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டும் வேலையைப் போட்டுவிட்டு, வெயிலில் வீடு வீடாகச் செருப்புத் தேய நடந்தவள் அவள். எண்ணிக்கை முடிந்து வந்து, முகம் கழுவாமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், முடிவில் உன் பக்கம்தான்க்கா வந்திருப்பேன் என்றேன்.

“ஏலே, ஓட்டுப் போடுறவக முடிவுரை வரைக்கும் நிப்பாகளா?” என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அவள் போன் செய்யவில்லை. திரும்பி வந்து ஹெலனிடம் மனம் நொந்து சொன்னேன். அருமையான உதாரணம், வகுப்பில் சொல்லுங்கள் என்றார். இன்னும் சொல்லவில்லை.

பத்தாவது மாதம் அவளாகவே கூப்பிட்டாள். சாக்கடை கட்டிவிட்டார்களாம், மல்லிகா நின்று கட்டினாளாம். “நல்லாத்தான் கட்டிருக்கா” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

2010 மே மாதம் இங்கே பொதுத்தேர்தல். காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் எனக்கும் ஓட்டு உண்டு. ஓட்டு அட்டை வந்திருப்பதாக அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். ஊர்ப் பட்டியலில் என் பெயரை இன்னும் நீக்கவில்லையாம். “போன வருசத் தேர்தல்ல ஓம் பேருக்கு டிக் அடிச்சிருக்காக. யாரோ வந்து போட்டுட்டுப் போயிருக்காக” என்றாள். எந்தக் கட்சிக்கு என்று கேட்டேன். அது அவனுக்குத்தான் தெரியும் என்றாள்.

ஒரு தேவாலயக் கூடத்தில், கயிற்றில் கட்டிய பென்சிலால் குறி போட்டுவிட்டு வெளியே வந்தேன். பழக்கத்தில் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. ஓடைப்பட்டியில் முகம் தெரியாத ஒருவன், போன வருடமே என் பெயருக்கான மையை விரலில் வாங்கிக்கொண்டு எங்கோ நடந்து போயிருந்தான்.