நன்றாயிருப்பவர்களும் வரவேண்டும்

டாக்டர் விசாலம் அம்மா காலமாகிவிட்டார் என்று மாதுங்காவிலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் தோல் கிடங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது அழுகையில்லை, பயம். இனி என் மனைவி செல்லம்மாளை யாரிடம் கூட்டிப்போவேன் என்கிற பயம். சொல்ல வெட்கமில்லை. தாராவியில் அவரைத் தெரிந்த உங்களில் பலருக்கும் அதே பயம்தான் வந்திருக்கும்.

எக்ஸ்ரே வண்டி முதன்முதலாக நம் சந்துக்கு வந்த நாளை யார் மறப்பார்கள்? வண்டியைப் பேசிக் கொண்டுவந்தவர் டாக்டரம்மா. ஆட்களைக் கூட்டுவது நம் சந்துச் சங்கத்தின் பொறுப்பு; நான் அதன் செயலாளர். தண்டோரா போட்ட சுடலைமுத்து, "சாயங்காலம் வண்டி வருது, எல்லாருக்கும் ஓசியில படம்!" என்று கத்திவிட்டுப் போனார். அவ்வளவுதான். பாயும் தலையணையும் வறுத்த கடலையுமாகச் சந்தே திரண்டுவிட்டது. "திரைய எங்கவே கட்டப் போறிய?" என்று என்னைக் கேட்டார்கள். நெஞ்சுக்குள்ளே நோய் இருக்கிறதா என்று பார்க்கிற படம் எனத் தெரிந்ததும் ஒரே ரகளை. டாக்டரம்மா மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார். "கூட்டம் வந்தாச்சே, செக்ரட்டரி. இனி எனக்கென்ன?" என்றார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. செல்லம்மாள் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தாள். மகளுக்கு நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை வீடு அடுத்த சந்து. 'காசநோய்க்காரி மகள்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், எல்லாம் பாழ். "கல்யாணம் முடியட்டும், பெறவு பாத்துக்கிடலாம்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். மற்றவர்களும் நழுவப் பார்த்தார்கள். படம் எடுத்தபின் யாரைத் திரும்பக் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்கு நோய் என்று ஊரே முடிவுகட்டிவிடுமே!

சங்கத்தார் போய் இதை டாக்டரம்மாவிடம் சொன்னோம். சற்று யோசித்தார். "அப்போ எல்லாரையும் கூப்பிடறேன். நன்னா இருக்கறவாளும் கிளினிக்குக்கு வரணும். கதவைச் சாத்திண்டு தனித்தனியாப் பேசறேன். யாருக்கு என்னன்னு உங்க சங்கத்துக்கும் சொல்லமாட்டேன்." அதைக் கேட்டு, கிளம்பிப்போனவர்களும் திரும்பி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்; அவரும் சொன்னபடியே செய்தார். கல்லுக்குண்டு மாதிரி இருந்த சுடலைமுத்துவும் வரிசையில் காத்துக் கிடந்து, "ஒண்ணுமில்லன்னு சொல்லவா இம்புட்டு நேரம்?" என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தார். அந்த வரிசையில்தான் செல்லம்மாளும் நின்றாள்.

அவளுக்கு இருந்தது. ஊசியும் மாத்திரையுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. மருந்து பிடித்த பிறகே கல்யாணத்தை வைத்தோம். சம்பந்தி வீட்டுக்கு ஒரு வார்த்தை போகவில்லை. நான் கிளினிக் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதெல்லாம் டாக்டரம்மா ஒன்றுதான் சொல்வார்: "பயப்படறதானா பயப்படுங்கோ. மருந்தை மட்டும் நிறுத்தப்படாது."

போன ஞாயிறு சங்கத்தில் இரங்கல் கூட்டம். வண்டி மறுபடி வரப்போகிறது, டாக்டரம்மா இல்லாமல் யார் நம்பி வருவார்கள் என்று நான் மேடையில் நின்று புலம்பினேன். திடீரென்று செல்லம்மாள் எழுந்தாள். முன்வரிசையில் சம்பந்தியம்மா இருந்தார். "ஏளா, உக்காரு" என்றேன். கேட்டாளா?

"எனக்கு டி.பி. இருந்துது. அந்தம்மாதான் காப்பாத்துனாவ. இனிமே ஒளிக்க மாட்டேன்" என்றாள்.

என்ன வெடிக்கப்போகிறதோ என்று சம்பந்தியம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செல்லம்மாள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"எனக்குந்தான் ரொம்ப நாளா இருமுது, மதினி. வண்டி என்னைக்கு வருது?"

என் பயம் இன்னும் போகவில்லை. வண்டி வரும், கூப்பிட யார் இருக்கிறார்கள் என்ற கவலை இருக்கவே செய்கிறது. ஆனால் டாக்டரம்மா எனக்கென்று விட்டுப்போனது என்ன என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். இதை எழுத எழுத வாசித்துக் காட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாளே, இவள்தான்.