மீன் வண்டிக்கு அடித்த கருப்புப் பெயின்ட்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, காசிமேட்டில் மீன் கூடை தூக்கி, ஒருத்தன் தயவும் இல்லாமல் சொந்தமாகப் பிக்கப் வண்டி வாங்கியவர் திருமலை. ராயபுரத்தில் இப்படி இன்னொரு ஆளைக் காட்டு பார்க்கலாம் என்று அவரே சவால் விடுவார். பதின்மூன்று வருடம் ஓடிய அந்த வண்டியை விற்றுத்தான் அடுத்த வண்டிக்கு முன்பணம் கட்ட வேண்டும். விலை படியாவிட்டால், அறுபத்திரண்டு வயதில் இன்னொருத்தன் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டும். அதை நினைத்து இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மீன் வண்டி என்றாலே பாதி விலைதான். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர், சேஸ் என்கிற அடிச்சட்டத்தைத் தின்றுவிடும். திருமலை அதற்கு இடமே கொடுத்ததில்லை. லோடு இறக்கிய கையோடு நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பழைய இன்ஜின் ஆயிலைத் தடவிவிடுவார்.

"என்னிய என்னிக்காவது இப்டி கவனிச்சுக்கீறியா?" என்பாள் மனைவி மங்கம்மா.

அப்படிப்பட்டவர் விற்கிற நேரத்தில் ஒரு கூத்துப் பண்ணினார். பார்க்கப் பளிச்சென்று இருக்கட்டும் என்று, ஆயிலை டீசல் போட்டுத் துடைத்துவிட்டு, சேஸ் முழுக்கக் கருப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்.

மாதவரத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் அம்புரோஸ் வந்தார். குனிந்து பார்த்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"இன்னா நைனா, மேக்கப்பு பலமா கீது? உள்ள இன்னாத்த மறைச்சுகினு கீற? காயலான் கடை வெலதான். எழுவதாயிரம்."

"யாராண்ட பேசற? இது திருமலை வண்டி!"

"பேர வச்சு இன்னா பண்றது? துரு பேரு பாத்தா புடிக்குது?"

"பெயின்ட் வோணாம்னு அப்பவே சொன்னேன்" என்றாள் வாசலில் நின்ற மங்கம்மா.

திருமலை சுரண்டும் தகடும் சுத்தியலுமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

"எங்க சொரண்டணும்? நீயே காட்டு."

அம்புரோஸ் காட்டிய இடமெல்லாம் சுரண்டினார். கருப்புத் தூள் முகத்தில் கொட்டியது. துருவின் நிழல்கூட இல்லை. அம்புரோஸ் சுத்தியலை வாங்கித் தானே தட்டினார். அரித்த இரும்பு சொத்தென்று கேட்கும். இது முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும் ணங் ணங்கென்று பேசியது.

"மீன் வண்டியில இப்டி ஒரு சேஸ நான் பாத்ததே இல்ல மாமு. ரெண்டு லட்சம் தர்றேன்."

"பெயின்ட் செலவு அஞ்சாயிரம் சேத்துக்க."

"ஐய, நீ பண்ண கூத்துக்கு நான் துட்டு குடுக்கணுமா? சரி, வெளிய வா."

திருமலை வரவில்லை. முகமெல்லாம் கருப்போடு, வண்டிக்கு அடியிலேயே படுத்தபடி பெருமூச்சு விட்டார்.

"மங்கா, சோறு போடு. ரெண்டு நாள் பசி கீது."