பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நாலைந்து மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு மேரி ஃபோன் எடுத்தாள்.

"பின்னேரம் சும்மாதானே இருப்பாய்? சண்டிலிப்பாயிலை ஒரு வீடு பாக்கப் போறம். நீயும் வா. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுறாய், எங்களுக்கும் ரெண்டைச் சொல்லன்."

மேரி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. கணவர் அன்ரன் படகும் வலையுமாகத் தொடங்கி, இப்போது கொழும்புக்கு ஐஸ் லொறியில் மீன் அனுப்புகிறவர். கிழமையில் பாதி நாள் மன்னாரில்தான் நிற்பார். பிள்ளைகள் கொழும்பில் படிக்கிறார்கள். மேரியை ஒரு பெரிய வீட்டில் இருத்திப் பார்க்க வேண்டும் என்பது அன்ரனின் நெடுநாள் ஆசை.

ஒரே ஒரு கவலை. மேரிக்குத் தொய்வு இருக்கிறது. மூச்சு இழுக்கத் தொடங்கினால் அவளுக்குக் கதைக்கவும் வராது. போன மாரியில் ஒருநாள் அப்படி வந்தபோது சுவரில் தட்டினாளாம்... அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஜெசிந்தா ஓடி வந்து, ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அன்ரனுக்குச் செய்தி போனபோது மேரி கட்டிலில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். புத்தி சொல்லக் கூப்பிட்டால் சும்மா போகலாமா? ஆடம்பர வீடு வாங்குகிறவர்கள் என்ன கேட்க வேண்டும் என்று இன்ரர்நெற்றில் தேடினேன். வெள்ளைக்காரர்கள் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டைச் சூடாக்கும் மெஷினுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள், கூரை பனியின் பாரத்தைத் தாங்குமா என்று கேளுங்கள்... சண்டிலிப்பாயில் நின்று இதைக் கேட்டால் தரகர் என்னைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

வீடு என்றால் வீடுதான். லண்டனில் இருக்கும் ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டி, இரண்டு விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கிவிட்டு விற்கிறாராம். மேல்மாடி, கீழ்மாடி, அறைக்கு அறை ஏசி, பின்னால் நீச்சல் குளம். சுற்றிவர ஆள் உயரத்துக்கும் மேலே மதில். தரகர் குகன் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டிக்கொண்டே வந்தார்.

நான் விடவில்லை. கிணறு உவரா நன்னீரா? "குடிச்சுப் பாருங்கோ அக்கா" என்றார். குடித்தேன், இளநீர் மாதிரி இருந்தது. காணி உறுதிப் பத்திரம் சுத்தமா? சுத்தம். வீட்டுக்கு வரும் ஒழுங்கைப் பாதைக்கு ஏதும் வழக்கு உண்டா? இல்லை. மழைக்கு வெள்ளம் நிற்குமா? மேட்டுக் காணி, நிற்காது. எனக்கே ஏமாற்றமாகிவிட்டது. ஒரு குறையாவது அகப்படாவிட்டால் என்னை எதற்கு அழைத்து வந்தார்கள்?

அன்ரன் முகத்தில் பூரிப்பு. மேரி மட்டும் மாடி பல்கனியில் நின்று சுற்றியுள்ள வீடுகளை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"தம்பி, பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"அவை கனடா, அம்மா."

"அங்காலை?"

"பிரான்ஸ்."

"முன் வீடு?"

"அவை சுவிஸ். எல்லாம் நல்ல வசதியான ஆக்கள், அம்மா. ஒரு கரைச்சல் இராது."

அந்த நேரம் பார்த்து, இருட்டுப்பட, சுற்றிவர வீடுகளில் லைட் எரிந்தது. அன்ரனுக்கு உயிர் வந்தது. "பாரும், ஆக்கள் இருக்கினம்தானே" என்றார்.

மேரி சிரித்தாள். "எல்லா வீட்டிலையும் ஒரே நேரத்திலை ஆரப்பா சுவிச்சைப் போட்டது?"

குகன்தான் உண்மையைச் சொன்னார். கள்ளருக்குப் பயந்து, நேரம் வைத்துத் தானாக எரியும் லைட்டுகளாம். ஆள் இல்லாத ஒழுங்கையில் லைட்டுகள் மட்டும் ஒழுங்காகக் கடமைக்கு வருகின்றன.

மேரி விறுவிறென்று இறங்கிப் போய்க் கனடாக்காரர் வீட்டுக் கேற்றடியில் நின்றாள். நாங்களும் பின்னால் ஓடினோம். கேற்றுக்கு மேலே இருந்த கமரா திடீரென்று கதைத்தது.

"ஆரது கேற்றடியிலை? என்ன வேணும்?"

நான் ஓரடி பின்வாங்கினேன். மேரி அசையவில்லை. "அக்கா, பக்கத்து வீடு வாங்கலாமோ எண்டு பாக்க வந்தனாங்கள். நீங்கள் எங்கையிருந்து கதைக்கிறியள்?"

"கனடாவிலையிருந்து பிள்ளை. இஞ்சை இப்பதான் தேத்தண்ணி குடிக்கிறன். நல்ல வீடு, வாங்குங்கோ. நல்ல அயல். ஒரு சண்டை சச்சரவு இல்லை."

"சண்டை பிடிக்க ஆள் வேணுமே அக்கா. எனக்குத் தொய்வு. இவர் மன்னாரிலை நிக்கேக்கை இழுத்தால் நான் ஆரைக் கூப்பிடுறது?"

கமராக் குரல், "என்னைக் கூப்பிடு பிள்ளை. உங்கடை இரவு எனக்குப் பகல். நான் முழிப்பாத்தான் இருப்பன்" என்றது.

முன்பின் தெரியாத மனுசி... எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேரிக்கும் கலங்கியிருக்க வேண்டும். ஆனாலும் சொன்னாள்: "முழிப்பா இருப்பியள் அக்கா. என்னை ஓட்டோவிலை ஏத்த உங்களாலை ஏலாதே. வீட்டை ஆருக்கும் இருக்கக் குடுங்கோவன்."

"குடுத்தால் பேந்து வீட்டை விட்டு எழும்ப மாட்டினம் எண்டு பயமாக் கிடக்கு."

"நான் பக்கத்திலை இருந்து பாத்துக்கொள்ளுறன்."

திரும்பி வரும் வழியில், காருக்குள் இருந்தே அன்ரன் குகனுக்கு ஃபோன் போட்டார். "தம்பி, விலையிலை எனக்குப் பிரச்சினை இல்லை. பக்கத்து வீட்டுக்கு முதல் ஆளைக் கொண்டுவாரும். பிறகு நான் கையெழுத்து வைக்கிறன்." விலை குறைக்கச் சொன்னவர்களைக் குகன் கண்டிருக்கிறார். அயலவரைக் கேட்டவரை இப்போதுதான் காண்கிறாராம்.

கனடா அக்கா குகனிடம் நம்பர் வாங்கி அடுத்த நாளே மேரிக்கு ஃபோன் எடுத்தார். பிறகு தினமும் எடுத்து, கடைசியில் வீட்டை வாடகைக்குக் கொடுக்கச் சம்மதித்தார். பண்டத்தரிப்பில் படிப்பிக்கிற ஓர் இளம் ரீச்சர், கணவர், கைக்குழந்தை என்று ஒரு குடும்பம் அந்த வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அன்ரன் கையெழுத்து வைத்து உறுதி முடித்தார்.

குடிபுகுந்த கிழமையே மேரி ஒரு மேசனைக் கூப்பிட்டு, கனடா அக்காவிடமும் கேட்டுக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதிலை உடைத்து ஒரு சின்னக் கதவு வைத்தாள். முன்பு வேலியில் ஆள் நுழையப் பொட்டு என்று ஓர் இடைவெளி வைப்பார்களே, அதேதான்... கொஞ்சம் வசதியாக. குகன் பதறிப்போனார்.

"அம்மா, வீட்டின்ரை பெறுமதி குறைஞ்சு போகும்."

"நான் விக்கவோ தம்பி வாங்கினனான்?"

போன சனிக்கிழமை போயிருந்தேன். முன்வாசலில் மணி அடித்து அடித்து அலுத்துப் போனேன். கடைசியில் மேரி மதில் கதவால் வந்தாள், இடுப்பில் ரீச்சரின் பிள்ளை. மூச்சு இடைக்கிடை இழுக்கத்தான் செய்கிறதாம். அதற்கு முந்தின கிழமை இழுத்தபோது ரீச்சரும் கணவரும் மருந்தும் சுடுதண்ணீரும் கொடுத்து, சரியாகும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

அன்ரனும் மன்னாரிலிருந்து வந்து நின்றார். வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். ரைல்ஸைப் பற்றியோ குளத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்பதான் அக்கா, மன்னாரிலை எனக்கு நித்திரை வருது."

ஆகவே, வீடு பார்க்கப் போகிறவர்களே... முதலில் பக்கத்து வீட்டு மணியை அடியுங்கள். ஆள் வந்து திறந்தால் மட்டும் வாங்க வந்த வீட்டைப் போய்ப் பாருங்கள்.