கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வில்டன்

திலகா தைத்த ரவிக்கை ஒன்று கால்வாயில் விழுந்து மிதந்துபோன கதையை வில்டனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். போனது கல்யாணப் பெண்ணின் ரவிக்கை என்பதால் திலகாவுக்கு மட்டும் அதில் சிரிப்பு வந்ததில்லை.

விஷயம் இதுதான். மலேசியாவில், ஈஜோக்கைத் தாண்டிக் கோல சிலாங்கூர் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் வில்டன் தோட்டம் என்று முன்பு ஒன்று இருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டு அந்த இடத்திலும் செம்பனை நட்டார்கள். குடும்பங்கள் வருடக்கணக்கில் போராடி, கால்வாய்க்கு இந்தப் பக்கம் வரிசை வீடுகள் வாங்கின. புது இடத்துக்கு ஏதோ பூவின் பெயரை வைக்கப் பார்த்தது கம்பெனி. நம் ஆட்கள் விடுவார்களா? தண்ணீர்க் குழாயைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பெயர் வில்டனாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். நின்றவர்களில் முதல் ஆள் திலகா. தாமான் வில்டன், அதாவது வில்டன் குடியிருப்பு, என்று பலகை நட்டு, அதற்கு மாலையும் போட்டார்கள்.

போனுக்குள் இருக்கும் வழிகாட்டிக்கு வில்டன் என்றால் பழைய வில்டன்தான் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

துணி கொடுக்க வருகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே வந்து, கால்வாய்க்கு அந்தக் கரையில், பழைய கோயில் இருந்த சிமெண்டு மேடைக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள். "அக்கா, வந்துட்டோம். எங்க இருக்கீங்க?" என்று கூப்பிடுவார்கள். திலகா வீட்டுப் பின்புறம் ஓடிவந்து இந்தக் கரையிலிருந்து கையை ஆட்டுவாள். முகம் தெரியும், பேசினால் கேட்கும். ஆனால் பாலம் கிடையாது. வந்த வழியே திரும்பி, தோட்டத்து கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டைப் பிடித்துச் சுற்றி வருவதற்குள் இங்கே ஒரு பானைச் சோறு வெந்துவிடும். அந்த அலுப்பில்தான் அவள் தைத்த துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கூட ஒரு கல்லையும் வைத்து, அக்கரைக்கு வீசப் பழகினாள். பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கல்யாண ரவிக்கைக்குத்தான் கல் சிறிதாகிவிட்டது.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, போன வருடம் அவள் புருஷன் செல்லனுக்கு நெஞ்சு வலி வரும்வரை.

செல்லன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஒரு தலைவலி என்று படுத்ததில்லை. அன்று மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். திலகா போன் போட்டாள். எந்த இடம் என்று கேட்டார்கள், வில்டன் என்றாள். ஆம்புலன்சும் தாமதிக்காமல்தான் வந்தது. அக்கரைக்கு வந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே விளக்கு சுழல்வதை அவள் இங்கிருந்து பார்த்தாள். இரண்டு பேர் இறங்கிக் கால்வாயைப் பார்த்து நின்றார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்? போன் காட்டிய இடத்துக்குத்தான் வந்திருந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு விஜயராணி தன் பழைய காரில் செல்லனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போக, சுற்றி வந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் எதிர்ப்பட்டது.

உயிர் தங்கியது. ஆனால் இருதயத்தில் ஒரு பகுதி போய்விட்டது. இனி லோரி ஏற முடியாது. "அடுத்த தடவை வலி வந்தா சீக்கிரம் வந்துடணும்மா, இந்த மாதிரி லேட்டாகக் கூடாது" என்றார் டாக்டர். அடுத்த தடவை என்று அவர் சாதாரணமாகச் சொன்னது திலகாவின் காதிலேயே தங்கிவிட்டது. பாத்திரம் கழுவும்போதும் அதுதான், தையல் மெஷினை மிதிக்கும்போதும் அதுதான்.

திலகாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கோணலாகப் போன தையலை இழுத்துச் சரிக்கட்டுவது அவளுக்குத் தெரியாது. முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தைப்பாள். காத்திருக்கும் பெண் வாசலில் முனகினாலும் சரி, அழுதாலும் சரி. அந்தப் பிடிவாதத்தோடுதான் போனைக் கையில் எடுத்தாள். வரைபடத்தில் தப்பு இருந்தால் நாமே திருத்தச் சொல்லலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். இந்த இடம் இப்போது இல்லை, ஊர் கால்வாய்க்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று தட்டுத்தடுமாறி எழுதி அனுப்பினாள். ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் அதே பதில். புது வீடுகளின் படத்தை எடுத்துப் புது இடமாகச் சேர்க்கப் பார்த்தாள். இந்தப் பெயரில் ஏற்கனவே ஓர் இடம் இருக்கிறது என்றது போன். "யார்கிட்ட சண்ட போடுற? அது மெஷினு" என்றார் செல்லன். "மெஷின நான் பாக்காததா? நாளெல்லாம் மெஷின்தான மிதிக்கிறேன்" என்றாள்.

அப்படி நோண்டிக்கொண்டிருந்தபோதுதான், வரைபடத்தில் பழைய வில்டனின் புள்ளியைப் போட்டவர் யார் என்று பார்த்தாள். பழைய கோயிலின் படங்கள், ஐந்து நட்சத்திரம், 'நாங்கள் பிறந்த மண்' என்ற வரி. கீழே வேட்டி கட்டிய படத்தோடு ஒரு பெயர். விமலன். செல்லனின் கூடப்பிறந்த தம்பி.

விமலன் ஷா ஆலாமில் வேலையாக இருக்கிறான். ஊர் மேல் உயிர். 'வில்டன் பிள்ளைகள்' என்று போனில் குழு வைத்து, சுங்கை ஆயர் தாவாரிலிருந்து பினாங்குவரை சிதறிப்போன அத்தனை பேரையும் சேர்த்து வைத்திருப்பவன் அவன்தான். மாதம் தவறாமல் அண்ணனைப் பார்க்க வருவான். வழி தெரிந்தவன் போனைப் பார்ப்பானா? அதனால் தான் போட்ட புள்ளி ஆட்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது அவனுக்கே தெரியாது. ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தார்கள். எங்கே போய் நின்றது என்று சொல்லவில்லை.

"சொல்லாத திலகா. தெரிஞ்சா நொந்துபோயிடுவான்" என்றார் செல்லன்.

சரி என்றுதான் அவளும் வாயை மூடிக்கொண்டு, தன் பாட்டுக்குத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் குழுவில் விமலனின் செய்தி வந்தது. 'யாரோ நம்ம வில்டன மூடிட்டதா மாத்தப் பாக்குறாங்க. விடாதீங்க! எல்லாரும் உள்ள போயி, இந்த இடம் இருக்குன்னு அழுத்துங்க.' அழுத்தினார்கள். மளமளவென்று அழுத்தினார்கள். கும்பிடும் கைகளும் சிவப்பு இருதயங்களுமாகக் குழு நிறைந்தது. அந்த யாரோ தான்தான் என்பதைத் திலகா அதைப் படித்துக்கொண்டே தெரிந்துகொண்டாள். அவளுக்கு வந்த கோபத்தில் மிதித்த மிதியில் மெஷின் ஊசி முறிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஊசி மாட்டினாள். அப்போதே முடிவு செய்தாயிற்று.

"தம்பி, ஞாயித்துக்கிழம வா. கோழி சமைக்கிறேன்" என்று விமலனைக் கூப்பிட்டாள். "ஆனா ஒண்ணு. ஈஜோக் தாண்டினதும் ஒனக்கு வழி தெரியாதுன்னு வச்சுக்க. வில்டன்னு போன்ல போட்டுட்டு, அது சொல்றபடியே வா."

"என்ன அண்ணி, வெளையாட்டா?"

"வெளையாட்டுதான்லா. வா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய்க் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் செல்லனை உட்காரவைத்தாள். கையில் குடையும் கொடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்டார். தம்பி வருகிறான் என்றாள். கொஞ்ச நேரத்தில் அக்கரைச் செம்பனைக்குள்ளிருந்து விமலனின் கார் வெளியே வந்தது. சிரித்துக்கொண்டே இறங்கினான். சிமெண்டு மேடையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு படமும் எடுத்தான். அப்புறம்தான் இந்தப் பக்கம் பார்த்து, போனைக் காதில் வைத்தான்.

"என்ன அண்ணி, அந்தப் பக்கம் நிக்கிறீங்க?"

"தம்பி, இப்ப நீதான் ஆம்புலன்ஸு. ஒங்க அண்ணனுக்கு நெஞ்சு வலிக்குது. வா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"போன வருசம் ஆம்புலன்ஸு வந்து நின்ன எடம் அது. நீ நிக்கிற அதே எடம். நீ போட்ட புள்ளியப் பாத்துதான் வந்துச்சு. ஒங்க அண்ணன் இங்க கெடந்தாரு. நான் இதே எடத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வா தம்பி, சீக்கிரம் வா."

கால்வாய்க்கு அப்பால் அவன் முகம் மாறியது இங்கேயே தெரிந்தது. ஓடிப்போய்க் காரில் ஏறினான். கார் செம்பனைக்குள் மறைந்தது.

"கல்லு மனசுடி ஒனக்கு" என்றார் செல்லன்.

"ஆமா" என்றாள் அவள். மனசு கல்லாகத்தான் இருந்தது. அப்படி இல்லாவிட்டால் இதைச் செய்திருக்கமாட்டாள்.

வெயில் ஏறியது. விமலன் வந்தபாடில்லை. சமையலுக்கு ஒத்தாசையாக வந்திருந்த விஜயராணி பின்கட்டிலிருந்து டீ ஆறுது என்று குரல் கொடுக்க, "நீயும் ஒன் வெளையாட்டும்" என்று செல்லன் எழுந்து உள்ளே போய்விட்டார். திலகா போகவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேட்டில் காவலாளி சாவியைத் தேடியதையும், மெயின் ரோட்டில் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதையும் விமலன் பிறகு சொன்னான். காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, சட்டை நனைய, வீட்டுப் பக்கவாட்டில் ஓடிவந்தான். வந்தவன் கண்ணில் முதலில் பட்டது காலி நாற்காலி. அதன் பக்கத்தில் அண்ணி. வேறு யாரும் இல்லை.

"அண்ணன் எங்க?" என்று கேட்டான். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குச் சொல்ல என்னென்னவோ தயார்செய்து வைத்திருந்தாள். எல்லாம் போய்விட்டது. அன்றைக்குத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "உள்ள டீ குடிக்கிறாரு தம்பி. ஒண்ணுமில்ல. உள்ளதான் இருக்காரு" என்று அவன் தோளைப் பிடித்தாள். பிடித்தவளும் அழுதாள். வருடம் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை, ஒரேயடியாக வந்தது.

"எங்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"அவருதான் வேணாம்னாரு."

அவன் அக்கரைச் சிமெண்டு மேடையைக் கைகாட்டினான். "அம்மா செத்தது அங்கதான். அந்தப் பேரையும் எடுத்துட்டா, அம்மா எங்க இருந்தாங்கன்னே இல்லாமப் போயிடும் அண்ணி. அதான் விடாம வச்சிருந்தேன்."

"நான் பொறந்ததும் அங்கதான் தம்பி. நான் மறந்துட்டேனா? ஆனா அங்க இனிமே யாருக்கும் நெஞ்சு வலிக்காது. இங்கதான் வலிக்கும்."

விமலன் போனை எடுத்தான். நிரந்தரமாக மூடப்பட்டது என்ற பொத்தானுக்கு மேலே அவன் விரல் வெகுநேரம் நின்றது. அவள் அவசரப்படுத்தவும் இல்லை, போனை வாங்கித் தான் அழுத்தவும் இல்லை. அவனே அழுத்தினான்.

அதோடு காரியம் முடிந்துவிடவில்லை. இருக்கு இருக்கு என்று அழுத்திவிட்டுப் போன கைகளையெல்லாம் திரும்ப அழுத்தவைக்க வேண்டுமே. விமலன் நடந்ததை மறைக்காமல் குழுவில் எழுதினான். திட்டினார்கள். ஊரை அழித்தவன் என்றான் பினாங்கிலிருந்து ஒருவன். ரோஷத்தோடு சிலர் குழுவைவிட்டே போனார்கள். விமலன் ஒவ்வொருத்தரையாகக் கூப்பிட்டுப் பேசினான். அவன் சலித்தபோதெல்லாம், "இன்னிக்கி யார்ட்ட பேசின தம்பி?" என்று திலகா கூப்பிட்டுக் கேட்டாள். மெல்ல மெல்லக் கைகள் திரும்பின. திலகாவும் புது இடத்தை மறுபடியும் எழுதி அனுப்பினாள். ஒரு காலையில் அவள் போனைத் திறந்தபோது, தாமான் வில்டன் என்ற எழுத்து கால்வாய்க்கு இந்தப் பக்கம், அவள் வீட்டுத் தெருவின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. பழைய இடத்தில் மூடப்பட்டது என்று இருந்தது. போனை மூடி வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் விளக்கேற்றியதும் ஒருமுறை போனைத் திறந்து, எழுத்து இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

டாக்டர் சொன்ன அடுத்த தடவை, தீபாவளித் துணி மலைபோல் குவிந்து கிடந்த ஒரு மத்தியானம் வந்தது. செல்லன் பிழைத்துக்கொண்டார், அதை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்போது உப்பில்லாத குழம்பைக் குறைசொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. அவர் நெஞ்சைப் பிடித்தார். திலகா போன் போட்டாள். எந்த இடம் என்றார்கள், தாமான் வில்டன் என்றாள். ஓடிவந்த விஜயராணி அவர் தலையைத் தாங்கிக்கொண்டதும், திலகா கையில் கிடைத்த சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்கு ஓடினாள். தினமும் போனில் பார்த்தவள்தான், எழுத்து எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவள்தான். கால்கள் கேட்டால்தானே. கரையில் நின்று அக்கரையைப் பார்த்துத் துணியை ஆட்டினாள். அங்கே செம்பனையும் சிமெண்டு மேடையும்தான் இருந்தன. வண்டி இல்லை, விளக்கு இல்லை, ஒரு மனுஷர் இல்லை.

சைரன் சத்தம் கேட்டது. அவள் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் முதுகுப்பக்கமிருந்து வருகிறது என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. திரும்பினாள். வீடுகளின் சந்து வழியாகத் தெரிந்த தெருவில், மாலை போட்ட பலகையைக் கடந்து, யாரையும் வழி கேட்காமல், ஆம்புலன்ஸ் நேராக அவள் வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தப்பான இடத்தில் வந்து நின்றது அவள் ஒருத்திதான். துணியைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.