இன்டர்வியூ பயத்துக்கு அவரைக்கொட்டை வைத்தியம்

மாடி வீட்டுக் கார்த்திக் பயந்துபோய் என்னிடம்தான் ஓடி வருவான் என்று நேற்றே சொன்னேன். எங்கள் லிங்கராஜபுரம் ஏரியாவே சாட்சி. அப்படியே நடந்தது.

வேலை போய் மூன்று மாதமாக அலைகிறான். இன்று பதினொரு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. பத்து மணிக்கே வந்து நின்றான்.

"அங்கிள், பயமா இருக்கு. படிச்சதெல்லாம் மறந்துபோச்சு."

ஊறவைத்த அவரைக்கொட்டைப் பாத்திரத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"பேஜார் பண்ணிக்காதப்பா. ஒவ்வொண்ணா தோலைப் பிதுக்கிப் பருப்பை எடு. போனைத் தொடாத. பெரிய மூளை டாக்டர் எனக்குச் சொன்ன வைத்தியம்."

"நிஜமாவா அங்கிள்?"

"லண்டன்ல படிச்சவருப்பா!"

முதல் பருப்பு எகிறி என் கண்ணாடியில் பட்டது. பையன் சிரித்துவிட்டான். அப்புறம் கை பழகியது, பயம் போனது. பிதுக்கிக்கொண்டே பதில்களையெல்லாம் சொல்லிப் பார்த்தான். கம்ப்யூட்டர் விஷயம்தான், இரண்டு இடத்தில் நானே திருத்தினேன்.

பன்னிரண்டு மணிக்குப் படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"அங்கிள், அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க!"

உங்களுக்கும் டென்ஷனா? தாராளமாக வாருங்கள், இன்னும் இரண்டு கிலோ ஊறுகிறது. டாக்டர் விலாசம் மட்டும் கேட்காதீர்கள், அப்படி ஒருவர் கிடையாது. பிதுக்கச் சொன்னது என் மனைவி. அதுவும் என்னை.