அழிய மாட்டேன் என்ற காமன் கூத்து வீடியோ

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எதைக் கொண்டு வந்து கொடுத்தாலும் "முடியாது" என்று மட்டும் நான் சொன்னதே கிடையாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஒரு காலையில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அவருடைய மகன் இறந்துவிட்டானாம். கொழும்பில் வேலை செய்தவன், லீவில் வீட்டுக்கு வரும் வழியில் விபத்து. கருமாதிக்கு முன்னால் அவனுடைய கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அழித்துத் தர வேண்டும் என்றார். அதைக் கடைக்குத் தூக்கி வர ஆள் இல்லை என்றதால் நானே பஸ் ஏறிப் போனேன்.

தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் கடைசி வீடு. வாசலில் அவனுடைய அப்பா நின்றிருந்தார். "வாங்க தம்பி" என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். அம்மாதான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"அவன் உடுப்பு, பாய், தலகாணி எல்லாத்தையும் ஆத்துல விட்டாச்சுங்க. செத்தவங்க சாமான் வீட்ல கெடந்தா, அவங்களுக்குப் போக மனசு வராதும்பாங்க. இதையும் யாருக்காச்சும் குடுத்துறலாம்னா அவன் தங்கச்சி இதுலதானே படிக்கிறா. அதான், அவனோடத மட்டும் எடுத்துருங்க. ஒண்ணும் மிஞ்சக் கூடாதுன்னு அவங்கப்பா ஒரே புடியா சொல்லிட்டாரு."

"போட்டோவையாவது தனியா எடுத்து வைக்கட்டுமாங்க?" என்று கேட்டேன். அதுவும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

எனக்கென்ன, சொன்ன வேலையைச் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். கூட்டாளிகளோடு எடுத்த படங்கள், பாட்டுகள், வேலைக்கு விண்ணப்பித்த கடிதங்கள். இருபது சொச்சம் வயதுப் பையன் ஒருவனை ஒவ்வொரு போல்டராகத் துடைத்து எடுப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது!

கடைசியில் ஒரு வீடியோ மட்டும் மிஞ்சியது. என்னவென்று போட்டுப் பார்த்தேன். தோட்டத்துக் காமன் கூத்து. வாசலில் பார்த்த அதே அப்பா, சேலை கட்டி, ரதி வேஷத்தில், எரிந்துபோன மன்மதனுக்காக மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார். படம் பிடித்தவன் மகன். அவன் முகம் ஓரிடத்திலும் இல்லை, குரல் மட்டும்தான். "அப்பா, இங்கிட்டுப் பாருங்கப்பா!" என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கிறான். அந்தக் குரலைக் கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

வீடியோவை மூடிவிட்டு அழிக்கப் போனால் அழியவில்லை. வேறொரு இடத்தில் அது திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது. கம்ப்யூட்டரையே நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். திரும்பவும் அதே பதில். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் போல நானும் அதுவும் மல்லுக்கட்டினோம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. எங்கேதான் திறந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். வீட்டு வைஃபை வழியாக ஒரு போனில் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை வீட்டுப் போனிலும் பார்க்கும்படி மகன் செய்து வைத்திருக்கிறான். இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும்.

"வீட்ல வேற யார்ட்டங்க போன் இருக்கு?" என்றேன்.

"எங்கிட்ட இந்தப் பட்டன் போனு. அவர்ட்டதான் பெருசு இருக்கு, மகன் வாங்கிக் குடுத்தது. அவருக்கு அதுல என்னாங்க தெரியும்?" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

பின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். விறகுக் கொட்டிலில், தூறலுக்கு ஒதுங்கி, அவர் குந்தியிருந்தார். போனைப் பார்க்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் ஒவ்வொரு முறை நிறுத்தியபோதும் அவர் வீடியோவை மறுபடி மறுபடி போட்டிருக்கிறார். ஒண்ணும் மிஞ்சக் கூடாது என்று சொன்ன மனிதர், மிஞ்சியிருக்கும் நேரம்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இணைப்பை அறுத்துவிட்டு அழிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். கை வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்தார். சட்டைப் பையில் போன் கிடந்தது. "முடிஞ்சிருச்சாங்க தம்பி?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாம் போயிருச்சுங்க ஐயா. ஒரு கூத்து வீடியோ மட்டும் அழிய மாட்டேங்குது. என்னால முடியலைங்க."

அவர் முகத்தில் வந்த மாற்றத்தை என்னவென்று சொல்வது. சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். "அழியலன்னா நம்ம என்னா செய்ய முடியும்? விட்ருங்க" என்றார். என் கையைப் பிடித்தவர் சீக்கிரம் விடவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிறையத்தான் பஸ் ஏறினேன்.

தீபாவளிக்கு முன்னால் டவுனில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"வேலைக்கும் சரியாப் போறதில்லைங்க. எந்நேரமும் அந்தக் கொட்டில்லதான். அன்னைக்கே அழிஞ்சிருந்தா ஒரேயடியா அழுது தீத்திருப்பாரு தம்பி. இப்ப வந்து அழிச்சுக் குடுங்கன்னு கேக்கவும் எனக்கு வாய் வரல" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவரு தூங்குனப்பொறம் நானுந்தான் கேக்குறேன்" என்றார்.

பை கனக்கிறதா, பஸ் ஏற்றிவிடட்டுமா என்று ஏதோ உளறினேன்.

அன்று நான் சொன்ன பொய் உபகாரமா, உபத்திரவமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் யாராவது வந்து எதையாவது அழித்துத் தரச் சொன்னால், அது வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்களா என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைக்கிறேன்.