குங்குமத்துக்கு ஒரு காலித் தட்டு

சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பல வருஷம் தயங்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

குடவாசல் கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணான என் மகளுக்கு மேக்கப் போட வந்த அம்மாவுக்கு முன்தலை நரைத்திருந்தது. மகளுக்குப் பொருந்தும் கலர்களை மட்டும் டப்பாக்களிலிருந்து கழற்றி ஒரே பெட்டியில் சேர்த்துக்கொண்டிருந்தார். டப்பாவின் அடியைச் சூடான இஸ்திரிப் பெட்டிமேல் வைத்து, பசை இளகியதும் கலர் இருக்கும் தகரத் தட்டை நெம்புவார். உடையாமல் வந்தால், "முருகா!" என்பார்.

கடைசியில் ஒரு காலித் தட்டை என்னிடம் நீட்டினார். "உங்க வீட்டுக் குங்குமத்தை இதுல வைங்கம்மா. பொட்டு நீங்கதான் வைக்கணும்."

"எங்க வீட்டுக்காரர் தவறிட்டாருங்க. நான் வைக்கக் கூடாது."

"எனக்கும்தான் வீட்டுக்காரர் இல்ல. இந்தப் பக்கம் பாதிக் கல்யாணப் பொண்ணுங்களுக்குப் பொட்டு வச்சது யாருங்கிறீங்க?" என்று சிரித்தார்.

சாமியை வேண்டிக்கொண்டு வைத்தேன். மகள் இன்று இரண்டு பிள்ளைகளோடு நிறைவாக இருக்கிறாள்.

யாரிடமாவது இதைச் சொன்னால், பொட்டு வைத்தது நான்தான் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.